இடக்கையால் எழுதிய முதல் வரி

போன வாரம் பயிற்சிப் பள்ளியிலிருந்து மூன்று பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சென்னீர்குப்பத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறார்களாம். வாரத்தில் இரண்டு நாள், சம்பளம் கிடையாது. நான் சொல்லிக்கொடுப்பதை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆனாலும் எங்கள் தலைமையாசிரியை எஸ்தர் அம்மாள், "முத்தாபுதுப்பேட்டையில் லோகநாயகி இருக்கிறாள், அவளைக் கேளுங்கள். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் ஆப்பிரிக்கச் சிப்பாய்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள்" என்று அனுப்பியிருந்தார்.

நான் காப்பி கொடுத்துவிட்டு, பெரியவர்களுக்கு எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தேன். அப்போது என் மகள் கமலா தத்தித் தத்தி உள்ளேயிருந்து வந்தாள். அவளுக்கு ஒன்றரை வயது. இடது கையில் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை வெள்ளைத் துணி சுற்றியிருந்தது.

"கொயந்த கைல இன்னாக்கா? அடி கிடி பட்டுச்சா?" என்று மூவரில் சின்னவள் கேட்டாள்.

"ஆமாம். சின்னக் காயம்தான்" என்றேன்.

அது பொய். காயம் ஒன்றும் இல்லை. குழந்தை எல்லாவற்றுக்கும் இடது கையை நீட்டுகிறாள் என்பதற்காக என் நாத்தனார் பட்டம்மா அக்கா கட்டிய துணி அது. கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லலாமா என்று நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்கள் போன பிறகு வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை. அவர்களிடம் சொன்னதெல்லாம் எனக்குப் பெருமை தரும் சங்கதிகள். சொல்லியிருக்க வேண்டியதை விட்டுவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூந்தமல்லியில் இரண்டு வருஷம் தங்கிப் படித்தேன். கரும்பலகையில் நேர்கோட்டில் எழுதவும், குரலை உயர்த்தாமல் கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசவும், பாடக்குறிப்பு எழுதவும் கற்றேன். அதன்பின் அதே பள்ளியின் சின்ன வகுப்பில் ஒரு வருஷம் வேலை பார்த்தேன். இடக்கையால் எழுதும் பிள்ளைகளை என்ன செய்வது என்பதற்கும் அங்கே ஒரு முறை இருந்தது. அந்தக் கையைத் துணியால் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். ஒரு மாதம் கட்டினால் போதும் என்பார்கள். என் வகுப்பில் ஆயிஷா என்று ஒரு கடைக்காரர் மகள் இருந்தாள். அவளுக்கு நான்தான் கட்டினேன். ஒரு மாதத்தில் வலக்கைக்கு வந்துவிட்டாள். "சரிசெய்யப்பட்டது" என்று பதிவேட்டில் எழுதினேன். அதற்குப் பிறகு அவள் வகுப்பில் வாய் திறந்து பேசவில்லை. அதை எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

கல்யாணமாகி முத்தாபுதுப்பேட்டைக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் ஆவடிப் பட்டாள முகாமின் சாமான் கிடங்கில் குமாஸ்தா. சண்டை மும்முரமாக இருந்த சமயம். பர்மா எல்லையில் காயம்பட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்களை ரயிலில் கொண்டுவந்து முகாமில் ஓலைக்கொட்டகை வார்டுகளில் வைத்திருந்தார்கள். ஊரில் அவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. மனிதரைத் தின்பவர்கள் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். எஸ்தர் அம்மாள் அங்கே எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொண்டர்கள் வேண்டும் என்று எனக்கு ஆளனுப்பியபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்கு மாட்டேன் என்று சொல்வது அதைவிடப் பயமாக இருந்தது.

வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "போறதுன்னா போ. நாலு பேரு நாலு விதமா பேசுவான். நீ பேசாம போயிட்டு பேசாம வந்துடு" என்றார்.

"பேசாம எப்பிடிங்க பாடம் நடத்தறது?" என்று கேட்டேன்.

"அதுவும் சரிதான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

எஸ்தர் அம்மாள் புதனும் சனியும் பூந்தமல்லியிலிருந்து ஜட்காவில் வருவார். வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை, சீவிய பென்சில் ஒன்று. யாரையும் அதட்டியதில்லை. "தப்பு" என்ற சொல்லையே அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நாம் எழுதியதை வாங்கிப் படிப்பார். பிழை இருக்கும் வரியின்மேல் பென்சிலைப் படுக்கப்போடுவார். பிறகு ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். நாமே கண்டுபிடித்துத் திருத்தும்வரை பென்சிலை எடுக்கமாட்டார். ஒருமுறை நான் கால்மணி நேரம் அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

வேலைக்கு ஓர் ஒழுங்கு வகுத்திருந்தார். முதலில் மணல் தட்டில் விரலால் எழுதவேண்டும். அது கைவந்ததும் சிலேட்டும் பலப்பமும். பிறகு கோடு போட்ட காகிதமும் பென்சிலும். கடைசியாக வீட்டுக்குக் கடிதம். அந்தச் சிப்பாய்களின் ஊர்களில் கடிதத்தைப் படித்துக்காட்ட ஆள் இருந்ததால், கடிதம்தான் எல்லாருக்கும் குறி. எழுதிய கடிதத்தைத் தணிக்கை அதிகாரி படித்த பிறகுதான் தபால் பைக்குள் போடுவார்கள். ஆகவே ஒரு விதி இருந்தது. தாளில் அழித்தல், திருத்தல், கறை இருந்தால் தொண்டர் அதைப் பார்த்து நல்ல பிரதி எடுத்துக் கொடுக்கவேண்டும்.

"நம்ம கையிலிருந்து போற காகிதம் நாலு பேர் கண்ணில் படும். அலங்கோலமாய்ப் போகக்கூடாது" என்பார்.

வார்டில் முனியம்மா என்று ஓர் ஆயா இருந்தாள். பழைய ஆவடி கிராமத்துக்காரி. முதல் நாள் நான் வாசலிலேயே நிற்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சரம்மா, உள்ள வராம நின்னுகினு கீறே? கட்சிட மாட்டாங்க, வா. நானே ஆறு மாசமா இவங்களோட மல்லாடிகினு கீறேன், ஒருத்தனும் என்னத் துன்னல. இந்தக் கெயட்டுக் கறி வேகாதுன்னு உட்டுட்டானுங்க போல" என்றாள். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டேன்.

கோஜோ அங்கேதான் இருந்தான். அவனுக்கு ஆப்பிரிக்காவில் கோல்டு கோஸ்ட் என்ற பிரதேசம். ரயில் நிற்கும் கடைசி ஊரிலிருந்து மூன்று நாள் காட்டு வழியில் நடந்தால் அவன் கிராமம் வருமாம். தகப்பனார் கொக்கோ பயிர் செய்கிறார். கோஜோ என்றால் திங்கட்கிழமை பிறந்தவன் என்று அர்த்தம். "உங்கள் ஊரில் திங்கட்கிழமை பிறந்தவனை எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்று கேட்டான். எங்களுக்குக் கிழமை முக்கியமில்லை, நட்சத்திரம்தான் என்றேன். "நட்சத்திரம் மேகத்தில் மறைந்துவிடும். கிழமை மறையாது" என்றான். எங்கள் பேச்சும் பாடமும் எல்லாம் இங்கிலீஷில். அது அவனுக்கும் சொந்த பாஷை இல்லை, எனக்கும் இல்லை. அதனால் இருவரும் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசிக்கொள்வோம்.

அவனுக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை.

மற்றவர்களிடம் இல்லாத ஒரு வழக்கம் அவனிடம் இருந்தது. யாருக்கும் எதையும் கையில் கொடுக்கமாட்டான், கையில் வாங்கவும் மாட்டான். தண்ணீர்க் குவளையைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமானால் முக்காலியில் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொள்வான். நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். கரண்டியால் சாப்பிடும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவான். நான் அதைக் கூச்சம் என்று நினைத்தேன். முனியம்மாவுக்கு வேறு விதமாகப் புரிந்திருந்தது.

"மொதோ மொதோ வந்தப்போ தெர்யாம அந்தக் கைல குவளைய நீட்டிட்டான். நான் சும்மா இர்ந்திருக்கலாம். 'தோ பார்றா, பீச்சாங்கைல குட்க்கறான்'னு கத்திட்டேன். அவனுக்கு நம்ம பாஷ இன்னா தெரியும்? ஆனா மூஞ்சி சுருங்கிப் போச்சு. அத்தோட எவுருக்கும் கைல குட்க்கறதே இல்ல. அவங்க ஊர்லயும் நம்மள மாரி தான் போலக்கீது" என்றாள்.

இதை நான் கேட்டேன், தலையாட்டினேன், மறந்தும்விட்டேன். பிற்பாடு இந்த மறதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவனுக்கு எழுத ஆசை. ஆனால் இடக்கையால் எழுத மாட்டேன் என்று முதல் இரண்டு வாரம் மணல் தட்டைத் தொடவில்லை. மற்றவர்கள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எழுத்துகளின் பெயரெல்லாம் பார்த்தே கற்றுக்கொண்டான். எனக்கும் தைரியம் வரவில்லை. அந்தக் கையைக் கட்டச் சொல்லிக்கொடுத்த பள்ளியில் படித்தவள் நான். அந்தக் கையால் எழுத வைப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அதனால் நானே முதலில் எழுதிப் பார்த்தேன். வீட்டில் சமையல் முடிந்ததும் சிலேட்டை எடுத்து இடக்கையால் எழுதுவேன். ஏன் வராமல் போகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வலக்கையால் எழுதும்போது பென்சிலை இழுத்துக்கொண்டு போகிறோம். இடக்கையால் எழுதினால் அதைத் தள்ளிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. எழுதிய எழுத்தைக் கையே மறைக்கிறது, பிறகு அதன்மேலேயே தேய்த்துக்கொண்டு போகிறது. சிலேட்டை மறுபக்கமாகச் சாய்த்து வைத்து, பலப்பத்தை இரண்டு விரற்கடை மேலே பிடித்தால் கொஞ்சம் சரிப்பட்டது. ஒரு நாள் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"இன்னா லோகு, கை மாறிப் போச்சா? உனக்கு இன்னாவது புட்ச்சிகினு கீதா?" என்று பாதி விளையாட்டாகவும் பாதி பயத்தோடும் கேட்டார்.

அடுத்த புதன்கிழமை கோஜோவின் முன்னால் உட்கார்ந்து, என் இடது கை விரலால் மணலில் அவன் பெயரை எழுதினேன். கோணல்மாணலாக வந்தது. அவன் என் கையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். பிறகு தட்டைத் தன்பக்கம் இழுத்து அதற்குக் கீழே எழுதினான். அவனுடையது என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

"டீச்சருக்கு இன்னும் பயிற்சி வேண்டும்" என்றான்.

அங்கே நான் செய்த நல்ல காரியம் என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான். அந்தப் பெண்களிடமும் இதைத்தான் சொன்னேன். மீதி இதோ.

மூன்று மாதத்தில் அவன் காகிதத்துக்கு வந்துவிட்டான். ஒரு கையால் எழுதுபவனுக்குக் காகிதத்தைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லை. நான் ஒரு மணற்பை தைத்துக் கொடுத்தேன். அதைத் தாளின்மேல் வைத்துக்கொண்டு, ஒரு புதன்கிழமை முழுக்க உட்கார்ந்து தகப்பனாருக்குக் கடிதம் எழுதினான். ஏழு எட்டு வரிதான். பென்சில் இரண்டு இடத்தில் தாளைக் கிழித்திருந்தது. வேர்வை பட்டு எழுத்து தேய்ந்திருந்தது. என்னிடம் கொடுக்காமல் முக்காலியில் வைத்தான். நான் எடுத்துக்கொண்டேன்.

தாளின் உச்சியில், மற்ற எல்லாவற்றுக்கும் மேலே, "இடக்கையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தான். அதன் கீழேதான், "என் தகப்பனாருக்குக் கோஜோ எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். சாப்பாடு நன்றாக இருக்கிறது. எழுதக் கற்றுக்கொண்டேன். இதை நானே எழுதுகிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள்" என்று போயிற்று.

விதிப்படி நல்ல பிரதி எடுக்கவேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய் மையால் எழுதினேன். பயிற்சியில் படித்த கடித அமைப்பு என் கைக்குப் பழகிப்போனது. மேலே தேதி, பிறகு விளிப்பு, பிறகு விஷயம். தேதிக்கும் மேலே ஒரு வரி நிற்க அதில் இடமில்லை. அந்த வரியைப் பார்த்தேன். எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிப்புக் கேட்கிறான் என்று நினைத்தேன். நான்தான் அழகாக எழுதிவிட்டேனே, இனி மன்னிப்பு எதற்கு? விட்டுவிட்டேன். அடியில் அவன் பெயரையும் நானே எழுதினேன்.

சனிக்கிழமை போனபோது அவனுக்குக் கைப்புண் சீழ் வைத்து, ஜுரத்தில் வேறு வார்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தபால் பை மதியம் கட்டிவிடுவார்கள். எஸ்தர் அம்மாள் பிரதியைப் படித்தார். பென்சிலை எந்த வரியின்மேலும் வைக்கவில்லை. கடிதம் போயிற்று. கோஜோ தேறி வந்ததும், "உன் கடிதம் போய்விட்டது" என்றேன். பிரதி எடுத்ததைச் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று எண்ணமில்லை. எல்லாருக்கும் செய்வதுதானே, சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அவன் தினமும், "இப்போது கடலில் இருக்கும். இப்போது ரயிலில் இருக்கும். இப்போது நடந்து போகிறது" என்று விரல்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பதில் வர நான்கு மாதம் ஆயிற்று. அவன் பெயருக்கு வரவில்லை. ஆஸ்பத்திரி அதிகாரியின் பெயருக்கு வந்திருந்தது. அவன் கிராமத்துச் சர்ச்சின் உபதேசியார், தகப்பனார் சொல்லச் சொல்ல எழுதியிருந்தார். வார்டு சிஸ்டர் அதை எஸ்தர் அம்மாளிடம் கொடுத்திருந்தார். எஸ்தர் அம்மாள் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். அதில் இருந்தது எனக்கு மனப்பாடம்.

"எங்கள் மகனின் வலது கை போய்விட்டது என்று சர்க்கார் காகிதம் வந்தது. பிறகு அவனே எழுதியதாக ஒரு கடிதம் வந்தது. எழுத்து மிகவும் அழகாக இருக்கிறது. எங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளை இடக்கையால் பெரியவர்களிடம் எதைக் கொடுக்க நேர்ந்தாலும், முதலில் அந்தக் கைக்காகப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பான். எழுதி அனுப்புவதும் கொடுப்பதுதான். இந்தக் கடிதத்தில் அந்தச் சொல் இல்லை. ஆகவே இதை எழுதியது எங்கள் மகன் அல்ல. அவன் இறந்துவிட்டதை எங்களிடம் சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை என்று அறிகிறோம். அவனை எங்கே புதைத்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். அவன் தாய் துக்கத் துணி உடுத்திவிட்டாள். அவள் சாப்பிடுவதில்லை."

இடது கையால் ஒரு வெற்றிலைகூடக் கொடுக்காத வீட்டில் பிறந்தவள் நான். முனியம்மா சொல்லக் கேட்டவள். அவன் குவளையை முக்காலியில் வைத்ததை எத்தனையோ முறை பார்த்தவள். எனக்குத் தெரியாதா?

எஸ்தர் அம்மாள் பென்சிலைக் கையில் வைத்திருந்தார். வைக்க வரி இல்லை. "பிரதி எடுக்கிற விதியை நான்தான் போட்டேன். அந்தப் பாவம் என்னுடையது. அந்த வரியை எடுத்தது யார் லோகநாயகி?" என்று கேட்டார்.

"நான்தான் அம்மா."

"அப்போ அவனிடம் நீதான் சொல்லணும். நான் கூட வரேன். பேசமாட்டேன்."

கோஜோவுக்குப் படிக்கத் தெரியும். கடிதத்தை அவன் பக்கத்து முக்காலியில் வைத்தேன். ஒவ்வொரு சொல்லாக, உதடு அசைய, படித்தான். முடிக்க வெகுநேரம் பிடித்தது. பிறகு, "நான் அந்த வரியை எழுதினேன். எல்லாவற்றுக்கும் மேலே எழுதினேன்" என்றான்.

"எழுதினாய். நான் எடுத்துவிட்டேன். வேறு தாளில் நான் எழுதி, அதை அனுப்பினேன்."

"ஏன்?"

அழகாக இருக்கவேண்டும் என்பதற்காக என்று சொன்னேன். அவன் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். முனியம்மா வந்து, "இன்னா டீச்சரம்மா, புள்ள மூஞ்சி இப்பிடிக் கீது?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பெத்தவ சோறு துன்னாம கீறாளா? அய்யோ, ஒரு வரிக்காவவா? நீ பட்ச்ச பொண்ணாச்சே தாயி!" என்றாள். அவள் திட்டவில்லை. அதனால்தான் அது இன்னும் காதில் இருக்கிறது.

சிஸ்டர் சர்க்கார் வழியாகத் தந்தி கொடுக்க ஏற்பாடு செய்தார். ஆனால் அதுவும் சர்க்கார் காகிதம்தானே, அப்பா நம்பமாட்டார் என்றான் கோஜோ. அவனை ஊருக்கு அனுப்பக் கப்பல் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. மறுபடி எழுதுவது ஒன்றே வழி.

"என் பழைய தாள் எங்கே?" என்று கேட்டான்.

என் பாடக்குறிப்பு நோட்டில் இருந்தது. பிரதி எடுத்த மூலங்களையெல்லாம் பத்திரப்படுத்த வேண்டும் என்பது பழக்கம். வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்தேன். அதைத் திருப்பிப்போட்டு, அதன் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினான். அன்று அவன் அழுத்தி எழுதியதால் மணற்பை நிற்கவில்லை. நான் முழங்காலிட்டு இரண்டு கையாலும் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். முதல் வரி தாளின் அகலம் முழுக்கப் பெரிதாக வந்தது. "இடக்கையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்." அதன் கீழே, "அந்தக் கடிதமும் நான் சொன்னதுதான். இந்தப் பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் என் இடக்கையே எழுதியது. அம்மா சாப்பிடவேண்டும்" என்று எழுதினான்.

கறை, கிழிசல், திருத்தல் எல்லாவற்றோடும் எஸ்தர் அம்மாள் அதை மடித்து உறையில் போட்டார். அன்றோடு பிரதி எடுக்கும் விதி போயிற்று. யாரிடமும் அதைப் பற்றி அவர் அறிவிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை எங்களுக்குப் பிரதி எடுக்க வெள்ளைத் தாள் தருவதை நிறுத்தியிருந்தார்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு, கப்பலுக்குக் காத்திருக்க வேறு முகாமுக்கு அனுப்புகிறார்கள் என்று கோஜோவை ரயிலேற்றினார்கள். ஆவடி ஸ்டேஷனுக்கு நானும் என் வீட்டுக்காரரும் முனியம்மாவும் போயிருந்தோம். நான் கொண்டுபோன முறுக்குப் பொட்டலத்தை நீட்டினேன். அவன் கொஞ்சம் தயங்கி, "இடக்கையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் டீச்சர்" என்று சொல்லி, கையிலேயே வாங்கிக்கொண்டான். எங்களில் ஒருவர் கையிலிருந்து அவன் நேராக வாங்கியது அதுதான் முதல் தடவை. முனியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வாங்கிக்கோ நைனா, நல்லா துன்னு" என்றாள்.

அவன் போன பிறகு பதில் வந்தது. உறையின்மேல் "கோஜோவுக்கும் அவன் டீச்சருக்கும்" என்று இருந்ததால் எஸ்தர் அம்மாள் என்னையே பிரிக்கச் சொன்னார். இரண்டே வாக்கியம்.

"எங்கள் மகனின் இடக்கையைப் பெற்றுக்கொண்டோம். இதைக் கேட்க அவன் தாய் இருக்கவில்லை."

அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். அவள் எந்த நாளில் போனாள், எதனால் போனாள் என்று அதில் இல்லை. கடிதங்கள் போன நாளையும் வந்த நாளையும் வைத்து எத்தனையோ முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். சில நாள் எனக்குச் சாதகமாக வருகிறது, சில நாள் வருவதில்லை. அவளுக்கு வயதாகியிருக்கலாம், வேறு நோய் இருந்திருக்கலாம். என் வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்கிறார். ஆனால் மகன் செத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டே அவள் போனாள். அதை எந்தக் கணக்கும் மாற்றாது.

கடிதத்தை அவன் இருக்கும் முகாமுக்கு அனுப்பிவைத்தோம். அனுப்பலாமா, ஊர் போய்ச் சேரும்வரை அவனுக்குத் தெரியாமல் இருக்கட்டுமா என்று நான் கேட்டேன். "அவனுடைய காகிதத்தில் இன்னொரு வரியை எடுக்கப் பார்க்கிறாயா?" என்று எஸ்தர் அம்மாள் கேட்டார். அனுப்பிவிட்டேன். அதை அவனுக்கு யாரும் படித்துக்காட்ட வேண்டியதில்லை. தானே படித்திருப்பான். நான் சொல்லிக்கொடுத்த படிப்பு அதற்கும் உதவியது.

அவனிடமிருந்து பிறகு கடிதம் இல்லை.

கமலா பிறந்தாள். வார்டில் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டேன். குழந்தைக்காக என்று எல்லாரும் நினைத்தார்கள். பாதி உண்மை. அவள் தவழ ஆரம்பித்து, கிலுகிலுப்பைக்கு இடது கையை நீட்டியபோது அதை அவள் வலது கையில் திணித்தேன். நான் செய்தது குழந்தையின் கையில் வந்து நிற்கிறது என்று நினைத்தேன். படித்தவள் இப்படி நினைக்கலாமா என்று என்னையே கடிந்துகொள்வேன். மறுபடியும் அதையேதான் நினைப்பேன். அதனால்தான் பட்டம்மா அக்கா துணியைக் கட்டியபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். கட்டட்டும், சரியாகிவிட்டால் என் பயமும் சேர்ந்து போகும் என்று இருந்தேன்.

இதில் பாதியை நேற்று எழுதினேன். இன்று காலை மீதியை எழுதும்போது குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து, கட்டிய கையைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. ஆயிஷாவும் அழவில்லை. எழுந்துபோய் முடிச்சை அவிழ்த்தேன். விரல்கள் வேர்த்துச் சுருங்கி வெளுத்துப்போயிருந்தன.

பட்டம்மா அக்கா அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டார். "இன்னாடி பண்றே? பத்து நாளா நான் கட்டிக்கினு கீறேன், நீ அவுத்துக்கினு கீறே? நாளைக்குப் போற ஊட்டுல, 'பொண்ண வளத்திருக்கா பாரு லட்சணமா'ன்னு யாரக் கேப்பாங்க?"

"என்னைக் கேக்கட்டும் அக்கா."

"சபைல நாலு பேருக்கு அந்தக் கைலயே தாம்பூலத்த நீட்டுவா. அப்ப தெரியும்."

"நீட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக்கொடுக்கறேன் அக்கா. சொல்லிட்டுக் குடுத்தா வாங்கிக்கிற மனுஷங்க இருக்காங்க."

அக்காவுக்குப் புரிந்திருக்காது. முணுமுணுத்துக்கொண்டே உலையைக் கவனிக்கப் போய்விட்டார். நான் செய்வது சரிதானா என்று எனக்கும் இன்னும் நிச்சயமில்லை. நாளைக்கே மறுபடி பயம் வரலாம்.

சென்னீர்குப்பம் போகும் பெண்களுக்கு ஒன்று. குழந்தை கையில் காயம் என்று உங்களிடம் சொன்னது பொய். பெரியவர்களுக்கு எழுதச் சொல்லித்தரும் முறைகளை எஸ்தர் அம்மாள் என்னைவிட நன்றாகச் சொல்வார். அவர்கள் எழுதிக் கொடுக்கும் தாளில் உங்களுக்கு அநாவசியமாகப் படுகிற வரி ஏதாவது இருந்தால், அதை எடுப்பதற்கு முன், இது ஏன் என்று எழுதியவரைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் பேனா மூடி உருண்டு போய்விட்டது. கமலா தத்தித் தத்திப் போய் அதை எடுத்து, அவிழ்த்துவிட்ட அந்தக் கையாலேயே என்னிடம் நீட்டினாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.